டில்டிங் கிரைண்டர்: மூன்று மாத அனுபவம்

மாவரைக்கிற நாள் என்றாலே எனக்கு முந்தின நாள் ராத்திரியே இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும். கிரைண்டர்தானே அரைக்கிறது, உனக்கென்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் யாரும் ஈரக்கையோடு, உளுந்து மாவு வழுக்க வழுக்க அந்த டிரம்மைத் தூக்கிப் பார்த்ததில்லை. அதற்காகவே பழைய டேபிள் டாப் கிரைண்டரைப் போட்டுவிட்டு, சாதா மாடலைவிட இரண்டாயிரத்துச் சொச்சம் கூடக் கொடுத்து 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் (டிரம்மைத் தூக்காமல் அப்படியே சாய்த்து மாவை வழிக்கிற மாடல்) வாங்கினேன்.

நேரம் மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். நாலு தம்ளர் இட்லி அரிசி, ஒரு தம்ளர் உளுந்து போட்டால் உளுந்துக்கு அரை மணி, அரிசிக்கு 25 நிமிடம், பழையதில் ஆன அதே நேரம்தான். மாவு மட்டும் அருமை. ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஓடவிட்டால் உளுந்து பந்தாக எழும்பி வருகிறது, கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு சும்மாவா கொடுத்தார்கள்!

மிச்சமாவது தூக்குகிற பாடு. குழவியைக் கழற்றி வைத்து, லாக்கை விடுவித்து டிரம்மைச் சாய்த்தால் மாவு தானாக விளிம்புக்கு வருகிறது, கையால் வழித்துவிட வேண்டியதுதான். போன வாரம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அத்தையே (மாமியார், வயது எழுபது) உளுந்தை வழித்து அரிசியையும் போட்டுவிட்டார். முன்பெல்லாம் "வந்து தூக்கிக் கொடும்மா" என்று காத்திருப்பார்.

குறை இல்லாமலா? சாய்த்த டிரம்முக்கும் மேடைக்கும் நடுவில் எங்கள் வீட்டு மாவுத் தூக்கு நுழையவில்லை. அகலமான தாழ்ந்த பாத்திரத்தில் வழித்து அப்புறம் மாற்ற வேண்டியிருக்கிறது, ஆக கழுவ ஒரு பாத்திரம் கூடுதல். குழவி சுழலும் அச்சில் மாவு போய் ஒட்டிக்கொள்ளும், உடனே கழுவாவிட்டால் காய்ந்து கல்லாகிவிடும். வழித்ததும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரை அரிசி மாவிலேயே சேர்த்துவிடுகிறேன், பாதிக் கழுவல் அதிலேயே முடிந்தது. கூட வந்த தேங்காய் துருவியை ஒரு தடவை மாட்டியதோடு சரி. அதைக் கழுவுகிற நேரத்தில் அரிவாள்மணையில் இரண்டு மூடி துருவிவிடலாம்.

வீட்டில் இரண்டே பேர், மாதம் ஒரு தடவைதான் அரைப்பீர்கள் என்றால் இது வேண்டாம், சாதா மாடல் போதும். எங்களைப் போல வாரம் இரண்டு முறை அரைக்கிற வீடென்றால் யோசிக்காமல் வாங்கலாம். கடைக்குப் போகும்போது உங்கள் மாவுப் பாத்திரத்தையும் கையோடு எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள்.