தனியாக டைவ் செய்ய எந்த மாற்றுக் காற்று? ஸ்பேர் ஏர், போனி, ட்வின்செட், சைடுமவுண்ட்: ஓர் ஒப்பீடு

இருவராக ஸ்கூபா டைவ் இறங்கும்போது காற்று தீர்ந்தாலோ, சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் மக்கர் செய்தாலோ, கூட வருபவரின் ஆக்டோபஸை (அவர் சுமக்கும் கூடுதல் வாய்க்கருவியை) வாங்கிக்கொண்டு மேலே வந்துவிடலாம். தனியாக இறங்குபவர் அந்த இரண்டாவது காற்றைத் தானே சுமந்தாக வேண்டும். எஸ்டிஐ என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் சோலோ டைவர், பேடி என்ற அமைப்பின் செல்ஃப்-ரிலையன்ட் டைவர் ஆகிய இரண்டு பயிற்சிகளும் 100 டைவ் முடித்தவர்களைத்தான் சேர்த்துக்கொள்கின்றன. முதன்மைச் சிலிண்டரைச் சாராத மாற்றுக் காற்றை இரண்டுமே வலியுறுத்துகின்றன. எதை வாங்குவது என்ற கேள்வி வந்தவுடன் பலரும் எடையையும் விலையையும் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது லிட்டர், அதாவது மேற்பரப்பு அழுத்தத்தில் அளந்த காற்றின் அளவு.

30 மீட்டர் ஆழத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே அழுத்தம் 4 பார், மேற்பரப்பில் உள்ளதைப் போல நான்கு மடங்கு; மூச்சுக்கும் அத்தனை மடங்கு காற்று செலவாகும். அமைதியாக நீந்தும்போது மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். காற்று நின்றுபோன பதற்றத்தில் 40 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவதுதான் நல்லது. என்ன ஆயிற்று என்று புரிந்துகொண்டு ரெகுலேட்டரை மாற்ற ஒரு நிமிடம்: 40 × 4 = 160 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலேற மூன்றேகால் நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், சராசரி அழுத்தம் 2.5 பார்: சுமார் 330 லிட்டர். 5 மீட்டரில் பாதுகாப்புக்காக மூன்று நிமிட நிறுத்தம், 1.5 பார்: 180 லிட்டர். ஆக 670 லிட்டர். இதே கணக்கு 18 மீட்டருக்கு ஏறக்குறைய 445 லிட்டர் வரும். உங்கள் மூச்சின் அளவு வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். ஆனால் குளத்தில் எடுத்த அளவைப் போட வேண்டாம்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஸ்பேர் ஏர், அதாவது வாய்க்கருவியோடு சேர்ந்த கையடக்கச் சிலிண்டர், உடனே அடிபட்டுப் போகிறது. அதன் 3 கன அடி மாடலில் இருப்பது 85 லிட்டர். 30 மீட்டரில், 40 லிட்டர் மூச்சில், அரை நிமிடம். பைக்குள் அடங்கும், கையால் எடுத்துக் கடிக்கலாம், எல்லாம் சரி. 10 மீட்டருக்குள் நேராக மேலே வர உதவும். அதற்குக் கீழே அது மாற்றுக் காற்றுக் கணக்கில் சேராது.

போனி என்பது தனி ரெகுலேட்டரோடு கூடிய சிறிய துணைச் சிலிண்டர். அதில் 13, 19, 30, 40 கன அடி என்று அளவுகள் உண்டு. 19-இல் முழுமையாக நிரப்பினால் சுமார் 540 லிட்டர். 18 மீட்டருக்குப் போதும், 30 மீட்டருக்குப் போதாது. 30-இல் சுமார் 850 லிட்டர். 25 மீட்டரைத் தாண்டுபவர் இதற்குக் குறைந்து வாங்கக்கூடாது என்பதே எங்கள் கருத்து. 40 இன்னும் நல்லது. அலுமினியம் என்பதால் தண்ணீருக்குள் அது அவ்வளவாகச் சுமையாகத் தெரியாது. முழு அளவு என்பது 207 பார். 150 பாரோடு இறங்கினால் கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். முதன்மைச் சிலிண்டரோடு சேர்த்து முதுகில் கட்டினால் கசிவு கண்ணில் படாது, வால்வுக்குக் கை எட்டாது, வலையில் மாட்டினால் கழற்றவும் முடியாது. இடது பக்கம் தொங்கவிடுங்கள்: மேல் கொக்கி தோள் டி-வளையத்தில், கீழ்க் கொக்கி இடுப்பு டி-வளையத்தில். இப்படி மாட்டினால் வால்வ் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கும், குமிழி வந்தால் தெரியும். வால்வைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்பது பழைய விவாதம். மூடி வைத்தால் காற்று தானாகக் கொட்டித் தீராது. ஆனால் ஆழத்தில் ஹோஸ் அழுத்தம் இழந்து ரெகுலேட்டருக்குள் தண்ணீர் புகலாம், பதற்றத்தில் வால்வைத் தேடவும் நேரும். பக்கவாட்டில் கண்ணெதிரே இருக்கும் போனிக்குத் திறந்து வைப்பதே மேல்.

போனியின் பெரிய ஆபத்து வேறு. மேலே இருக்கும்போதே தவறி அதன் ரெகுலேட்டரை வாயில் வைத்து இறங்கிவிடுவது. முதன்மைச் சிலிண்டரின் முள் அசையாமல் நிற்க, மாற்றுக் காற்று தீர்ந்துகொண்டிருக்கும். அதனால் போனியின் இரண்டாம் நிலைக்கு (ரெகுலேட்டரில் வாயில் வைக்கும் பகுதிக்கு) வேறு நிற உறை போடுங்கள், கடிவாய் கூட வேறு வடிவில் இருக்கட்டும், இருட்டிலும் நாக்குக்குத் தெரியும். அதற்குத் தனி அழுத்தமானி வேண்டும். பொத்தான் அளவு மானியை நம்பி இறங்காதீர்கள்.

ஒரே சிலிண்டரில் இரண்டு வால்வ் கொண்ட எச்-வால்வையும் சிலர் சொல்வார்கள். ரெகுலேட்டர் பழுதுக்கு அது விடை. காற்று தீர்ந்தால் இரண்டு வாயிலும் ஒன்றுமில்லை.

ட்வின்செட் என்றால் முதுகில் இரண்டு 12 லிட்டர் சிலிண்டர், இரண்டையும் இணைக்கும் குழாயான மேனிஃபோல்ட், அதன் நடுவே இரண்டையும் பிரிக்கும் வால்வான ஐசொலேட்டர். 200 பாரில் 4,800 லிட்டர். ஒரு பக்கம் கசிந்தால் அந்த வால்வை மூடி மீதியை முழுதாகப் பயன்படுத்தலாம். மேனிஃபோல்டே கசிந்தால் ஐசொலேட்டரை மூடி பாதியைக் காப்பாற்றலாம். ஆனால் இவை எல்லாம் தலைக்குப் பின்னால் நடக்க வேண்டும். பின்னால் இருந்து குமிழி எந்தப் பக்கம் என்று சொல்ல ஆளில்லை. தோள் மடங்காதவருக்கு இது பயனில்லாத சுமை. எஃகுச் சிலிண்டர் என்றால் கரையில் 35 கிலோவைத் தாண்டும். இன்னொரு பொறி: நிரப்பும்போது ஐசொலேட்டர் மூடிக் கிடந்தால் ஒரு சிலிண்டர்தான் நிரம்பும். மானி இடது பக்கத்தில், நீங்கள் சுவாசிப்பது வலது பக்கத்தில். மூச்சு இழுக்க இழுக்க முள் இறங்காமல் நின்றால் மகிழ வேண்டாம், ஐசொலேட்டரைத் தொட்டுப் பாருங்கள்.

தனியாகச் செல்பவருக்குச் சைடுமவுண்ட், அதாவது உடலின் இரு பக்கமும் ஒவ்வொரு தனிச் சிலிண்டரை மாட்டும் முறை, பல வகையில் பொருந்துகிறது. இரண்டு வால்வும் அக்குளுக்கு முன்னால், கண்ணெதிரே. ரெகுலேட்டர் நிற்காமல் காற்றைக் கொட்டினால் வால்வை மூச்சுக்கு மூச்சு திறந்து மூடியே அந்தக் காற்றையும் பயன்படுத்தலாம். ஊர் விட்டு ஊர் போகும்போது சிலிண்டரைத் தூக்கத் தேவையில்லை. அந்தமானிலோ திருகோணமலையிலோ வாடகைக்கு வழக்கமாகக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் இரண்டு, பட்டைகளும் கொக்கிகளும் உங்களுடையவை. போனியை விமானத்தில் கொண்டுபோவதோ தொல்லை: காலியாக, பெரும்பாலும் வால்வைக் கழற்றித்தான் ஏற்பார்கள்.

இதன் விலை ஒழுக்கம். 30 பாருக்கு ஒருமுறை ரெகுலேட்டரை மாற்றி இரண்டு சிலிண்டரையும் சமமாக இறக்க வேண்டும். மேலே கண்ட 670 லிட்டர் என்பது 11 லிட்டர் சிலிண்டரில் 61 பார். ஆகவே 30 மீட்டரில் இருக்கும் வரை இரண்டில் எதுவுமே 70 பாருக்குக் கீழே போகக்கூடாது. காற்று குறையக் குறைய அலுமினியத்தின் அடிப்பகுதி மேலே கிளம்பும். இடுப்பில் பின் வளையத்திலிருந்து முன் வளையத்துக்குக் கொக்கியை மாற்றினால் அடங்கும். சிறிய ஃபைபர் படகில், நீரோட்டம் இழுக்கும் இடத்தில், தண்ணீரில் இறங்கிச் சிலிண்டர் மாட்டுவது மட்டும் உண்மையான சிரமம். அங்கே போனியோடு ஒற்றைச் சிலிண்டர்தான் சுலபம்.

இந்தக் கணக்கெல்லாம் 40 மீட்டருக்குள், மேலேறும் வழியில் அழுத்தம் தணிக்கும் நிறுத்தம் கட்டாயம் இல்லாத டைவுக்கு. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் எச்எம்எஸ் ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதைத் தனியாகப் பார்க்கப் போனி போதும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

வெட்டும் கருவியிலும் தேர்வு உண்டு. தளர்ந்த நைலான் வலையில் கத்தி வழுக்கும், ஒரு கையால் இழுத்துப் பிடித்தால்தான் அறுக்கும். கத்தரி தளர்ந்த இழையையும் வெட்டும். ஒரு கத்தரி, ஒரு கொக்கி பிளேடு. இரண்டும் இடது, வலது எந்தக் கைக்கும் எட்டும்படி மார்புப் பக்கம் இருக்கட்டும், காலில் வேண்டாம்.

இறங்குமுன் சோதிக்க வேறு ஆள் இல்லை. ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் நான்கைந்து மூச்சு ஆழமாக இழுத்தபடி அதற்குரிய மானியைப் பாருங்கள். முள் மூச்சுக்கு மூச்சு துள்ளி விழுந்து எழுந்தால் வால்வ் முழுதாகத் திறக்கவில்லை. மாட்டுமுன் முழுக் கருவியையும் இடுப்பளவுத் தண்ணீரில் அமிழ்த்தினால் பின்னால் உள்ள கசிவும் தெரிந்துவிடும். 5 மீட்டரில் ஒருமுறை மாற்று ரெகுலேட்டருக்கு மாறி ஒரு நிமிடம் சுவாசித்த பிறகே கீழே போங்கள். எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரை அழைப்பது என்பதை எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.