56 நாள் குட்டி என்று சொன்னால் தராசில் வைத்துப் பாருங்கள்

வெண்பன்றி வளர்ப்பில் புதிதாக இறங்குவோருக்காக இதை எழுதுகிறேன். சென்ற கார்த்திகையில், 56 நாள் ஆகித் தாய்ப்பால் மறந்தவை, கழிச்சல் தடுப்பூசியும் போட்டாயிற்று என்று ஒரு பண்ணைக்காரர் சொன்னதை நம்பி 20 குட்டிகள் வாங்கினேன். ஒன்றுகூட ஏழு கிலோவைத் தாண்டவில்லை. அந்த வயதில் பத்துக் கிலோவாவது இருக்க வேண்டுமே என்று கேட்டதற்கு, "தாய்க்குப் பால் குறைவுங்க" என்றார். நானும் அதற்கு மேல் துருவவில்லை.

நான்காம் நாள் விடியற்காலையில் கொட்டகைத் தரை முழுவதும் வெளிர்மஞ்சளாகத் தண்ணீர்க் கழிச்சல். கண்கள் குழிவிழுந்திருந்தன, தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. விற்றவர் லேபிள் கிழிந்த டப்பாவில் ஒரு பொடி கொடுத்தனுப்பினார். அதை நம்பி இரண்டு நாள்களை வீணாக்கியதில் ஆறு குட்டிகள் செத்தன.

பிறகுதான் கால்நடை மருத்துவரை அழைத்தேன். செத்த குட்டியொன்றை அவர் அறுத்துக் காட்டியபோது சிறுகுடல் நீர்கோத்துத் தொளதொளவென்று கிடந்தது. சோதனையில் ஈ.கோலை என்று தெரிந்தது. அந்தக் கிருமி நுண்ணிய இழைகளால் குடல்சுவரைப் பற்றிக்கொண்டு நஞ்சைச் சுரக்க, உப்பையும் நீரையும் உறிஞ்ச வேண்டிய குடலே அவற்றை உள்ளே இறைத்துக் கொட்டத் தொடங்குகிறது என்று விளக்கினார். முன்கூட்டியே பிரித்த குட்டிக்குத் தாய்ப்பாலின் எதிர்ப்புப் பொருள் நின்றுவிடுகிறது. பிரித்த சில நாள்களிலேயே, குடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளும் குட்டையாகிவிடுவதால் தின்னும் தீவனமும் முழுதாக உடம்பில் சேர்வதில்லை. இவை ஒரு மாதத்துக் குட்டிகளாகத்தான் இருக்கும் என்பது அவர் கணிப்பு.

டப்பாவின் அடியில் எஞ்சியிருந்த லேபிள் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தவர், அது கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து என்றார். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதை விற்பதும் கொடுப்பதும் 2019-லேயே நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுவிட்டன. எங்கள் குட்டிகளின் கிருமியோ அதற்குக் கட்டுப்படவும் இல்லை. உப்புச்சர்க்கரைக் கரைசலும் சோதனைப்படி தேர்ந்த மருந்துமாக 11 குட்டிகளைக் காப்பாற்றினோம். அவையும் இன்றுவரை எடை ஏறாமல் பின்தங்கியே நிற்கின்றன.

பிறந்த தேதிப் பதிவேட்டையும் தடுப்பூசிச் சீட்டையும் கேட்காமல் பணம் கொடுத்தது என் தவறு. ரசீதும் வாங்காததால் புகார் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. அவர் இப்போதும் "56 நாள் குட்டி" என்று வாட்ஸாப்பில் படம் போடுகிறார். படத்தில் ஒரு சிறுவன் ஒரே கையில் குட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறான்.