பத்துத் தொகுதி, இரண்டு ஆயுள்: அல்கோவேர்-மோல் அகராதியோடு என் அனுபவம்

ஸ்பெயினின் கிழக்குப் பக்கத்தில் பேசப்படும் கத்தலான் மொழியைப் படிக்கத் தொடங்கிய புதிதில் என்னிடம் இருந்த ஒரே துணை, பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்த சொற்பட்டியல்தான். பார்சலோனா வழக்கில் எழுதியதை வைத்துக்கொண்டு ஓரளவு சமாளித்தேன். அப்புறம் ஆசைப்பட்டு, அதே மொழி பேசும் மயோர்க்கா தீவின் நாட்டார் கதை ஒன்றைக் கையில் எடுத்தேன், முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். நான் படித்த துடைப்பம் 'எஸ்கோம்ப்ரா', இங்கே இருந்தது 'கிரனேரா'. நான் படித்த பையன் 'நொய்', இங்கே அவன் 'அல்லோட்'. தெற்கே வலென்சியா பக்கம் போனால் அதே பையன் 'சிக்கெட்' ஆகிவிடுகிறான் என்பது பிறகு தெரிந்தது. என் தவிப்பைப் பார்த்த ஆசிரியை சொன்னது இரண்டே வார்த்தை: "அல்கோவேர்-மோலில் பாருங்கள்."

அது ஓர் அகராதியின் செல்லப் பெயர், அதைச் செய்த இருவரின் பெயரால் வந்தது. முழுப்பெயர் 'கத்தலான்-வலென்சிய-பலேயாரிய அகராதி' (மயோர்க்கா, மெனோர்க்கா முதலியவை பலேயாரியத் தீவுகள்). அச்சில் 10 தொகுதிகள், 1,60,000க்கும் மேற்பட்ட பதிவுகள், இன்று, மொழிக்கு விதி வகுக்கும் அமைப்பான கத்தலான் ஆய்வுக் கழகத்தின் தளத்தில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று வருடமாக ஏறக்குறைய தினமும் இதைத் திறக்கிறேன்.

ஒரு சொல்லைத் தேடினால் முதலில் எண்ணிட்ட பொருள்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் ஸ்பானியச் சொல்லும் சேர்ந்தே வரும், ஸ்பானியம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது பெரிய கை கொடுப்பு. பிறகு அந்தச் சொல் எந்த ஊரில் எந்தப் பொருளில் வழங்குகிறது, இடைக்கால நூல்களில் எப்படி வந்திருக்கிறது, என்ன பழமொழி இருக்கிறது, எந்தெந்த ஊரில் எப்படி உச்சரிக்கிறார்கள், கடைசியாகச் சொற்பிறப்பு. பிரான்சுக்குள் இருக்கும் ரூசியோன், சார்டினியாத் தீவின் அல்கேரோ வரைக்கும் ஊர்கள் வருகின்றன. ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும்கூடத் தனிப் பதிவாக உண்டு. நான் முதலில் வாய்விட்டு வியந்தது 'எனியோரார்' என்ற சொல்லில். ஒருவரைப் பிரிந்து ஏங்குவது என்று பொருள். மூலம் லத்தீனின் 'இக்னோராரே', அதாவது அறியாமல் இருப்பது. போனவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்று தெரியாமல் இருப்பதே ஏக்கமாகியிருக்கிறது. அன்று ராத்திரி வேறு எதுவும் படிக்கவில்லை.

சரி, இப்படி ஒன்றை யார் செய்தார்கள்? அந்தக் கதை தெரிந்த பிறகுதான் இந்த அகராதி எனக்கு முழுதாகப் பிடிபட்டது.

அந்தோனி மரியா அல்கோவேர் 1862இல் மயோர்க்காவின் மனகோர் பக்கம் பிறந்தவர், பாதிரியார். ஊர் ஊராகக் கதை கேட்டு எழுதி 'மூலையில் இருக்கும் ஜோர்டி' என்று பொருள்படும் புனைபெயரில் வெளியிட்டவர். 1901இல் ஓர் அழைப்புக் கடிதம் அச்சிட்டு அனுப்பினார்: கத்தலான் பேசும் நிலம் எங்கும் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சொற்களைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள், அகராதி செய்வோம் என்று. ஊர்ப் பாதிரியார்களும் படித்தவர்களும் எழுதி அனுப்பினார்கள், அவரும் சும்மா இருக்காமல் கிராமம் கிராமமாகப் போய் மக்கள் வாயிலிருந்தே வினைவடிவங்களைக் குறித்துக்கொண்டு வந்தார். 1906இல் பார்சலோனாவில் நடந்த முதல் கத்தலான் மொழி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், ஆய்வுக் கழகத்தின் மொழியியல் பிரிவுக்கு முதல் தலைவரும் அவரே. முன்கோபக்காரர். பார்சலோனாவின் அறிஞர்களோடு மோதி, 1918இல் உறவு முறிந்தது. அதன் பிறகும் சீட்டுகளை விடவில்லை.

இங்கேதான் பிரான்செஸ்க் தெ போர்ஜா மோல் வருகிறார். 1903இல் மெனோர்க்காத் தீவின் சியுத்தாதேல்யாவில் பிறந்தவர். இருபது வயதுகூட ஆகாத பையனாக அல்கோவேரிடம் சேர்ந்தார். முதல் தொகுதி 1930இல் வந்தது, 1932இல் அல்கோவேர் இறந்துவிட்டார். மோலின் கையில் மலைபோலச் சீட்டுகள், வயது இருபத்தெட்டு. பிறகு ஸ்பெயினின் உள்நாட்டுப் போர், பிறகு சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி, பொது இடத்திலும் பள்ளியிலும் கத்தலானுக்கு இடமில்லை. அந்தக் காலத்தில் உட்கார்ந்து அதே மொழிக்கு அகராதி எழுதிக்கொண்டிருந்தார். போருக்குப் பின் சிறையில் கிடந்து வெளியே வந்த வலென்சிய அறிஞர் மனுவேல் சான்சிஸ் குவார்னேர் கூடச் சேர்ந்தார், மோலின் மகள் அய்னா மோலும் வேலை செய்தார். பத்தாவது தொகுதி 1962இல் வந்தது. அழைப்புக் கடிதத்திலிருந்து எண்ணினால் 61 வருடம்.

மோலை நான் மதிப்பது பொறுமைக்காக மட்டும் இல்லை. குருவின் சண்டையை அவர் சுமக்கவில்லை. அல்கோவேர் தனக்கென ஓர் எழுத்துமுறை வைத்திருந்தார். மோல், பார்சலோனாவின் இலக்கண அறிஞர் பொம்பேவு ஃபாப்ரா வகுத்த பொது எழுத்துமுறைக்கு அகராதியைக் கொண்டுவந்தார். அதே சமயம் குருவின் கதைகளைத் தன் பதிப்பகம் மூலம் 24 சிறு தொகுதிகளாக வெளியிட்டார், மயோர்க்கா வானொலியில் தானே குரல் கொடுத்து வாசித்தார். தீவில் ஒரு தலைமுறை அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தது. தங்கள் பேச்சுக்குப் பள்ளியில் இடமே இல்லாத வருடங்கள் அவை, அப்போது வானொலியில் அதைக் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1971இல் கத்தலான் இலக்கியத்தின் மதிப்புமிக்க கௌரவப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1991இல் மயோர்க்காவின் பால்மா நகரில் காலமானார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இது 1962இல் முடிந்த வேலை, கணினி, இணையம் சார்ந்த சொல் எதையும் இங்கே தேடாதீர்கள். எது 'சரி' என்று தீர்ப்புச் சொல்லும் அகராதியும் இல்லை, மக்கள் என்ன சொன்னார்கள் என்று பதிவு செய்தது, அதனால் தேர்வுக்கோ அலுவலகக் கடிதத்துக்கோ எழுதும்போது ஆய்வுக் கழகத்தின் இன்றைய அகராதியையும் பார்த்தாக வேண்டும். சுருக்கக் குறியீடுகள் ஏராளம், ஒரு வாரமாவது பழக வேண்டும். சில சொற்பிறப்புகளைப் பின்னால் வந்த சொற்பிறப்பு அறிஞர் ஜுவான் கொரோமினெஸ் ஏற்கவில்லை, அதில் ஆழமாகப் போகிறவர்கள் அவருடைய அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஐந்துக்கு ஐந்து தருவேன். பழைய நூல், தீவு எழுத்தாளர், வலென்சியக் கவிஞர் என்று எதைப் படிப்பவரானாலும் இது இல்லாமல் நகர முடியாது.

அச்சுப்பிரதி வேண்டும் என்று பழைய புத்தகக் கடைகளில் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் இரண்டு தொகுதிகளை வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். பழைய பதிப்பில் இருப்பது அல்கோவேரின் எழுத்துமுறை, மற்ற தொகுதிகளோடு ஒத்துவராது, தேடும்போது குழப்பும். மோல் பின்னாளில் திருத்தி வெளியிட்ட பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.