முழு உடல் பரிசோதனையாம், தலைசுற்றலுக்கு மட்டும் விடை இல்லை

நாலு மாதமாகத் தலைசுற்றல், மாடிப்படி ஏறினாலே அசதி, காரணம் பிடிபடாமல் கடைசியில் ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்தேன். வீட்டுக்கே வந்த தம்பி ஊசி குத்தியதே தெரியவில்லை, அதுவரை சரி. மாலையே 16 பக்க ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் 12.1, எல்லாம் நார்மல். ஆனால் அந்தப் பட்டியலில் ஃபெரிட்டினும் இல்லை, பி12-உம் இல்லை! ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே உடம்பில் இரும்புச் சேமிப்பு கரைந்துவிடும், அதைக் காட்டிக்கொடுப்பது ஃபெரிட்டின்தான். அப்புறம் தெருமுனை டாக்டரம்மா படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை பிபி பார்த்துவிட்டு, விட்டுப்போன இரண்டையும் தனியாக எழுதிக்கொடுத்தார். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனாலே இரும்புக் குறைபாடு, எனக்கு 7. லேபுக்கு 2 ஸ்டார், அதுவும் அந்த ஊசித் தம்பிக்காக.