சுவர் பூரா போல்ட், ஷாட்புட் ஷூ மட்டும் இல்ல

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்கு பொண்ணுக்கு ஷாட்புட் ஷூ வாங்கப் போனேன், உள்ள நுழைஞ்சா சுவர் பூரா உசைன் போல்ட்தான், மனுஷன் 2017லயே ரிட்டயர் ஆகிட்டாரு, இன்னும் அந்த 100 மீட்டர் 9.58 செகண்ட் உலக சாதனை போஸ்டர கழட்டல. ஸ்பிரிண்ட் ஸ்பைக்ஸ் மூணு ரேக் நிறைய. ஷாட்புட்டுக்கு ஆணி இல்லாம அடி வழவழன்னு இருக்கணும், வட்டத்துக்குள்ள சுத்தணும்ல? "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க ஆன்ட்டி"ங்கிறான் கடைப்பையன். போல்ட்டாலதான் கூட்டம் வந்துச்சு, ஒத்துக்கிறேன், ஆனா 2016 ரியோல அவர் 100 மீட்டர் ஜெயிச்ச அதே ராத்திரி நம்ம தென்னாப்பிரிக்க ஓட்டக்காரர் வேய்ட் வான் நீக்கெர்க் எட்டாவது லேன்ல ஓடி 400 மீட்டர்ல 43.03 செகண்ட்னு உலக சாதனை பண்ணாரு, அவர் படம் ஒரு மூலைல கூட இல்ல. ரெண்டு ஸ்டார், அதுவும் பார்க்கிங் ஈசியா கிடைச்சதுக்கு.