ஒரே 50 மி.மீ., வேறு வேறு படம்: சொனாரா, டபுள் காஸா, புதுவகைப் பெரிய லென்ஸா?

லென்ஸின் மேல் 50 மி.மீ., எஃப் 1.8 என்று எழுதியிருந்தால் காட்சி எவ்வளவு அகலம், வெளிச்சம் எவ்வளவு உள்ளே வரும் என்ற இரண்டும்தான் தெரியும். பின்னணி வெண்ணெயாய் உருகுமா, மூலையில் இருக்கும் தெருவிளக்கு புள்ளியாக நிற்குமா, இறக்கை முளைத்துப் பறக்குமா என்பதையெல்லாம் உள்ளே இருக்கும் கண்ணாடி அடுக்குதான் தீர்மானிக்கிறது. 50 மி.மீ. லென்ஸ்களில் இன்று கைக்குக் கிடைக்கும் முக்கிய அடுக்குகள் மூன்று: சொனார், டபுள் காஸ், புதுவகைப் பெரிய லென்ஸ். மூன்றிலும் குறை உண்டு. எந்தக் குறையோடு நம்மால் காலம் தள்ள முடியும் என்பதே கேள்வி.

சொனார் பிறந்தது கோட்டிங், அதாவது வெளிச்சம் திரும்பித் தெறிப்பதைக் குறைக்கும் மெல்லிய பூச்சு, இல்லாத காலத்தில். பூச்சில்லாத கண்ணாடியில், காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் சுமார் 5 சதவீத வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். 1896-இல் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானரில், அதாவது டபுள் காஸ் அமைப்பில், அப்படி எட்டுப் பரப்புகள். உள்ளே தேறுவது மூன்றில் இரண்டு பங்கு. திருப்பியடித்த வெளிச்சமும் சும்மா போகாது, உள்ளேயே சுற்றிவந்து படத்தின் மேல் வெண்புகையாகப் படியும். 1932-இல் லுட்விக் பெர்டெலே செய்த 50 மி.மீ. எஃப் 1.5 சொனாரில் ஏழு கண்ணாடிகள். அவற்றை ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கியதால் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறுதான். கறுப்பு கறுப்பாக விழுந்தது. 1935-இல் ஜெர்மன் லென்ஸ் நிறுவனமான சைஸின் ஸ்மகுலா கோட்டிங் முறையைக் கண்டுபிடித்ததும் இந்த ஆதாயம் மெல்லக் கரைந்தது. லென்ஸுக்குப் பின்னால் மிரர் வைத்து, லென்ஸ் வழியே காட்சியைக் காட்டும் எஸ்.எல்.ஆர். கேமரா வந்தபோது கதையே மாறிற்று: சொனாரின் பின் கண்ணாடி ஃபிலிமை ஒட்டி நிற்கும், அங்கே அந்த மிரர் மடிந்து எழ இடமில்லை. டபுள் காஸுக்கே அந்த இடைவெளி கொஞ்சம் இறுக்கம்தான். பழைய எஸ்.எல்.ஆர். நார்மல் லென்ஸ் பல 55, 58 மி.மீ. என்று இருப்பதற்கு அது ஒரு காரணம்.

இன்று சொனாரை வாங்குகிறவர்கள் அதன் குறைக்காகவே வாங்குகிறார்கள். லென்ஸின் ஓரம் வழி வரும் கதிரும் நடு வழி வரும் கதிரும் ஒரே இடத்தில் குவியாத கோளப் பிறழ்ச்சியை அது முழுதாகத் திருத்துவதில்லை. திறந்த அபர்ச்சரில் (வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) முகத்தின் மேல் மெல்லிய மினுக்கம் படரும். பின்னணி விளக்குகள் ஓரம் தெரியாமல் கரையும். அதற்கான விலை ஃபோகஸ் நகர்வு. அபர்ச்சரைச் சுருக்கச் சுருக்க, கூர்மையான தளம் பின்னால் தள்ளிப்போகும். எஃப் 1.5-இல் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து எஃப் 2.8-க்குச் சுருக்கினால் கூர்மை கண்ணை விட்டுக் காதுப் பக்கம் நகர்ந்துவிடும். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.5-இல் கூர்மை நிற்பதே மூன்றரை செ.மீ. அளவுக்குத்தான், சின்ன நகர்வும் பளிச்சென்று தெரியும்.

சோதிப்பது சுலபம். கேமராவை டிரைபாடில் நிறுத்தி, ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வையுங்கள். முழுத் திறப்பில் நடுக்கோட்டுக்கு ஃபோகஸ் செய்தபின் வளையத்தைத் தொடவே கூடாது. 1.5, 2, 2.8, 4, 5.6 என்று ஐந்து படம் எடுத்தால் கூர்மை எந்தக் கோட்டுக்கு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். மிரர் இல்லாமல் சென்சார் பார்ப்பதையே திரையில் காட்டும் மிரர்லெஸ்ஸில் பரிகாரம் எளிது: எந்த அபர்ச்சரில் எடுக்கப் போகிறோமோ அதிலேயே ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸ் வழியே பார்க்காமல் தனி ஜன்னல் வழியே ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டரில் அது முடியாது. லென்ஸ் 1.5-க்கு அளவு வைக்கப்பட்டிருந்தால், 2.8-இல் எடுக்கும்போது ஃபோகஸ் செய்தபின் உடலை ஓரிரண்டு செ.மீ. பின்னால் சாய்க்க வேண்டும். பழக்கத்தில் வரும்; கல்யாண வீட்டு நெரிசலில் வராது. சைஸ் நிறுவனமே ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான தன் இசட்.எம். வரிசையில் சி சொனார் 1.5-ஐயும் பிளானர் 2-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்றது. சொனார் 0.9 மீட்டர் வரைதான் கிட்டப் போகும், பிளானர் 0.7 வரை. அன்றாட வேலைக்குக் கேட்டால் பிளானரைத்தான் சொல்லலாம்.

டபுள் காஸின் பலம் சமச்சீர். அபர்ச்சருக்கு முன்னும் பின்னும் கண்ணாடிகள் கிட்டத்தட்ட பிரதிபிம்பம் போல நிற்பதால், ஒருபக்கப் பிழையை மறுபக்கம் கழித்துவிடும். நேர்க்கோடு நேராக நிற்கும். ஓரங்களில் நிறக்கோடு குறையும். திறந்த நிலையில் இது வேறு விதமாக அடம்பிடிக்கும்: மாறுபாடு குறைந்து லேசான மூட்டம், பின்னணி விளக்கைச் சுற்றி வெளிச்ச விளிம்பு, ஃபோகஸுக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை. இந்த ஊதா-பச்சை தூரத்தைப் பொறுத்து மாறுவதால் மென்பொருளில் சுத்தமாக நீக்குவது கடினம். எஃப் 2.8-க்கு வந்தால் பெரும்பகுதி அடங்கிவிடும், 5.6-இல் குறைசொல்ல ஒன்றுமில்லை. சைஸின் பழைய டபுள் காஸான பைஓட்டாரின் வழிவந்த ஹீலியாஸ் 44 என்ற சோவியத் லென்ஸ், பின்னணி இலைகளைச் சுழலாக்குவதும் இதே குடும்பக் குணம்தான்.

மூன்றாவது வகை மிரர்லெஸ்ஸோடு பரவியது. நிக்கான் ஏ.எஃப்-எஸ் 50 எஃப் 1.8 ஜி: ஏழு கண்ணாடி, 185 கிராம். அதே நிறுவனத்தின் இசட் 50 எஃப் 1.8 எஸ்: பன்னிரண்டு கண்ணாடி, 415 கிராம். இரண்டு மடங்குக்கு மேல் எடை. பதிலுக்கு முழுத் திறப்பிலேயே மூலைவரை கூர்மை, ஊதா-பச்சை மிகக் குறைவு. பொருள் விளம்பரம், இரவு வானம், குழுப்படம் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் ஃபோகஸ் வளையம் மின்சாரத்தில் ஓடுகிறது, கேமரா அணைந்திருந்தால் திருகியும் பயனில்லை. அச்சில் வார்த்த ஆஸ்பெரிக்கல் (முழுக் கோள வளைவாக இல்லாத) கண்ணாடி உள்ள லென்ஸ்களில், விளக்கு வட்டத்துக்குள் வெங்காயத்தை அறுத்தது போல வளையங்கள் தெரிய வாய்ப்பும் உண்டு. முகத்தின் ஒவ்வொரு துளையையும் காட்டுவதை எல்லோரும் விரும்புவதில்லை.

பழைய சொனார் வகையை, உதாரணமாக ஜுபிட்டர் 8-ஐ, செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டுப் பசை பிரிகிறது. சிலந்திவலை போலத் தெரிந்தால் பூஞ்சை. வெளிப்பரப்பில் இருந்தால் மெக்கானிக் துடைத்துவிடுவார். ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே இருந்தால் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். அந்தக் கூலி பெரும்பாலும் லென்ஸ் விலையைத் தாண்டும். உள்ளே மடங்கும் வகை பழைய லென்ஸை டிஜிட்டல் கேமராவில் மாட்டினால், எக்காரணம் கொண்டும் மடக்காதீர்கள். பின்முனை ஷட்டரில் போய் இடிக்கலாம்.