ஏடிஎஃப் படிவம் 10: காவல்துறைகளுக்கான இலவசப் பதிவுச் சேவை எப்படி?

அமெரிக்க மாநில, நகரக் காவல்துறைகளிடம் பறிமுதலிலோ யாரோ கைவிட்டதாலோ பதிவில்லாத இயந்திரத் துப்பாக்கியும் குழல் அறுத்த ஷாட்கன்னும் வந்து சேரும். அதை அலுவல் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ள ஏடிஎஃப் (மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள்) பணியகம் தரும் வழி படிவம் 10. கட்டணம் இல்லை. ஆயுத விவரமும் வழக்கமாக வைக்கும் இடமும் எழுதி இரண்டு பிரதி அனுப்பினால், பதிவான குறிப்போடு மூலப் பிரதி திரும்பி வரும். எளிமைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

ஆனால் இது ஒருவழிப் பாதை. இப்படிப் பதிந்த ஆயுதத்தை இன்னோர் அரசு அமைப்புக்கு மட்டுமே மாற்ற முடியும். வியாபாரிக்கு விற்கவே முடியாது. 1920, 30களில் வாங்கிய தாம்சன் இயந்திரத் துப்பாக்கி கிடங்கில் கிடந்தால் அவசரப்படாதீர்கள். அது 1934 தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழோ, பதியாத ஆயுதங்களைத் தண்டனையின்றிப் பதிய அனுமதித்த 1968 மன்னிப்பு மாதத்திலோ ஏற்கெனவே பதிவாகியிருக்கலாம். அப்படியென்றால் சேகரிப்பாளர்களிடம் பெரும் விலை போகும். பழைய கோப்பைத் தேடிப் பார்த்து, ஏடிஎஃப்பிடமும் கேட்ட பிறகே படிவத்தைத் தொடுங்கள்.

பலர் சறுக்குவது எண் பொறிப்பதில். 1968க்கு முந்தைய மலிவு ஷாட்கன்கள் பலவற்றில் வரிசை எண்ணே கிடையாது. கிடங்கின் சொத்து எண்ணைப் படிவத்தின் வரிசை எண் கட்டத்தில் நிரப்பக் கூடாது. எண்ணை ஏடிஎஃப்தான் ஒதுக்கும். பொறிப்பின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், எழுத்தின் உயரம் 1/16 அங்குலம். பொறிக்கும்போது விளிம்பில் எழும் பிசிறிலிருந்து அளக்காமல் உலோகத்தின் சமதளத்திலிருந்து அளக்க வேண்டும். மின்பேனாக் கீறல் பெரும்பாலும் இந்த ஆழத்தை எட்டாது.

குழல் நீளத்துக்கு, குண்டு இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் பாகம்) மூடி, முனையிலிருந்து போல்ட் முகம் வரை குச்சி விட்டு அளக்கவும். ஷாட்கன்னுக்கு 18 அங்குலம், ரைஃபிளுக்கு 16 அங்குலம் எல்லை; குழல் அதற்குக் குறைந்தால் பதிவு தேவை. கழற்றக்கூடிய முனைக்கருவி கணக்கில் வராது.

வழக்கில் இன்னும் சான்றாக இருக்கும் ஆயுதத்துக்கு இந்தப் படிவம் பொருந்தாது. ராணுவத்தின் உபரிப் பொருளைக் காவல்துறைகளுக்குத் தரும் 1033 திட்டத்தில் வந்த எம்16 ரைஃபிள் பாதுகாப்புத் துறையின் சொத்தாகவே நீடிப்பதால் அதற்கும் வேண்டாம். துறையின் ஷாட்கன்னையே ஆயுதப் பணியாளர் 18 அங்குலத்துக்குக் கீழே அறுப்பதானால், அறுக்கும் முன்பே வரிவிலக்குடன் படிவம் 1 (இத்தகைய ஆயுதத்தைச் செய்வதற்கான விண்ணப்பம்) ஒப்புதல் தேவை. அறுத்துவிட்டுப் படிவம் 10 போட்டுச் சரிக்கட்ட முடியாது.

ஒப்புதல் நகல் ஒன்றை ஆயுதக் கிடங்கிலேயே வைத்திருங்கள். பொறுப்பதிகாரி மாறும்போது முதலில் தொலைவது அந்தத் தாள்தான்.